வலையும் வில்லும் துடைப்பமும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, உப்பளங்களைக் கடந்து கோவளத்தில் கடலைச் சந்திக்கிறது. மீனவர் குடியிருப்புக்கு அருகே கார்மேல் அன்னையின் ஆலயம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜான் டி மான்டி என்ற போர்ச்சுக்கீசிய வணிகரின் கொடையால் எழுந்த ஆலயம் அது. ஜூலைத் திங்களில் அன்னையின் திருநாளையொட்டி அங்குச் சென்று வருவது நம் குடும்ப வழக்கம். அவ்வாறு சென்றிருந்த ஒரு மாலைப்பொழுதில், கரையேற்றிய படகின் நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டோம்.

வலையின் ஒரு பகுதியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலதுகையில் நூல் சுற்றிய ஊசி. ஒவ்வொரு கண்ணாக முடிச்சிட்டு, முன்னிருந்த கண்ணின் அளவுக்குச் சற்றும் பிசகாமல் புதுக்கண்ணை அமைத்துக்கொண்டே சென்றார். பார்த்துக்கொண்டிருந்த நமக்கு நேரம் போனதே தெரியவில்லை.

"இதை முடிக்க எத்தனை நாள் ஆகும், பெரியவரே?" என்று கேட்டோம்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல சார். கடலுக்குப் போன நேரம் போக மிச்சம் வலைக்கு. கடலையே பாத்தா வலை போயிடும், வலையையே பாத்தா அடுப்பு எரியாது" என்றார்.

இத்தனை தெளிவாக வாழ்க்கையின் சமநிலையை யாரும் நமக்கு உரைத்ததில்லை. மகிழ்ந்துபோய், "அப்படியானால் வீட்டு வேலை? தண்ணீர் எடுப்பது, சமைப்பது எல்லாம்?" என்று தொடர்ந்து கேட்டோம்.

"அது என்ன வேலை, சார்? அதெல்லாம் வீட்ல அவங்க பாத்துப்பாங்க" என்று சிரித்தார்.

மீன் விற்றுத் திரும்பிய அவருடைய துணைவியார் அந்நேரத்தில்தான் கூடையை இறக்கிவைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் சென்றுகொண்டிருந்தார். முதியவரின் கணக்கில் கடலுக்கு இடமிருந்தது, வலைக்கு இடமிருந்தது. குடத்துக்கு மட்டும் இடமில்லை. அவரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை என்பதை நம் உள்ளம் உடனே உணர்த்தியது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மூவகை உழைப்பு

இல்லறத்தாரின் கைகளுக்கு மூவகை உழைப்பு வாய்க்கிறது. முதலாவது அன்றாட வீட்டு வேலை. பெருக்கிய தரை மறுநாள் குப்பையாகிறது. தேய்த்த பாத்திரம் அடுத்த வேளைக்கே அழுக்காகிறது. இவ்வுழைப்புக்கு முடிவில்லை, செய்ததற்குச் சுவடும் இல்லை. செய்யாமல் விட்டால் மட்டுமே அது பிறர் கண்ணில் படும். இரண்டாவது கைவினை. பின்னிய கூடையும், தைத்த துணியும், முடைந்த பாயும் செய்தவருடைய கை நீங்கிய பின்னும் நிற்கும். 'இது முடிந்தது' என்று சொல்லும் நிறைவு அதில் உண்டு. மூன்றாவது இசை. அது ஒலித்த கணமே மறைகிறது. வீட்டு வேலையைப் போலவே அதற்கும் சுவடில்லை. ஆனால் பாடியவரையும் கேட்டவரையும் சற்றே மாற்றிவிட்டு மறைகிறது.

இம்மூன்றும் வெவ்வேறு பசிகளைத் தீர்ப்பவை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. எனினும் ஒரு நாளைக்கு இருப்பவை 24 மணி நேரம் மட்டுமே. பிழைப்புக்கான வேலையும் உறக்கமும் போக எஞ்சும் சில மணிகளை இவற்றுக்கிடையே எவ்வாறு பங்கிடுவது? குடும்பப் பொறுப்புகள் மிகுந்த நடுத்தர வயதில், பயன் கருதாத ஒரு கைவினைக்கோ இசைக்கோ நேரம் ஒதுக்குவது அறமாகுமா, தன்னலமாகுமா? எளிய வினாவெனத் தோன்றும் இதனுள் நீதியைப் பற்றிய வினா ஒன்றும் மறைந்திருக்கிறது.

நரைத்த மாணவர்

நமக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது வயலின் கற்கத் தொடங்கினோம். பங்கின் பாடகர் குழுவில் நெடுநாள் பாடியும், சுரம் எது, சுருதி எது என்று அறியாமலே காலம் கழிந்துவிட்ட குறை மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஆசிரியரின் வீட்டில் நமக்கு இருபுறமும் அமர்ந்திருந்தவர்கள் எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை அவர்கள் மூன்று காலத்திலும் இழைத்தபோது, நம் வில்லோ தந்தியின்மீது கதவுக் கீலைப்போல் கிறீச்சிட்டது. அச்சிறுவர்கள் சிரித்தார்கள், பண்போடுதான் சிரித்தார்கள்.

இச்சிரிப்புக்கு நெடிய வரலாறு உண்டு. கிரேக்க ஞானி சாக்ரடீசு முதிர்ந்த வயதில் கோனஸ் என்பவரிடம் யாழ் பயின்றதாகவும், உடன்பயின்ற சிறுவர்கள் தம்மைப் பார்த்து நகைத்ததோடு, ஆசிரியரையும் கிழவர்களின் வாத்தியார் என்று கேலிசெய்ததாகவும் பிளேட்டோ தம் உரையாடல் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஊராரை வினாக்களால் திணறடித்த பேரறிஞர், சிறுவரிடையே தடுமாறும் மாணவராக அமர்ந்திருந்தார். அதற்காக அவர் நாணியதாகத் தெரியவில்லை.

வயது வந்தோர் இசை கற்பதன் பெரும்பயன் இதுவே எனத் தோன்றுகிறது. அலுவலகத்தில் நமக்குப் பதவி உண்டு. வீட்டில் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பங்கில் பெயர் உண்டு. தந்தியின்முன் இவற்றுள் எதுவும் செல்லாது. தவறான இடத்தில் விரல் பதிந்தால் தவறான ஒலியே எழும். பல ஆண்டுகளாக எவராலும் திருத்தப்படாமல் வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு, மீண்டும் திருத்தப்படும் பேறு எளிதில் வாய்ப்பதில்லை.

நம்மிடையேயும் முன்னோடிகள் உளர். கத்தோலிக்க இல்லறத்தாராகவும் நீதித்துறை அலுவலராகவும் வாழ்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ல் பிறந்தவர். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878-ல் வெளிவந்தபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். தென்னகத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய அவ்வாண்டுகளில், பசித்தோருக்கு உணவளிப்பதிலும் அவர் ஈடுபட்டார். பஞ்சத்தைப் பற்றியும் பாடினார். அவருடைய வாழ்வில் கஞ்சித்தொட்டியும் கீர்த்தனையும் ஒன்றுக்கொன்று பகையாகவில்லை.

கையும் மனமும்

கைவினையின் இயல்பை உணர்த்தும் நிகழ்ச்சிகள் காந்தியடிகளின் வாழ்வில் உள்ளன. சட்டம் பயில இலண்டன் சென்ற இளம் வயதில், ஆங்கிலக் கனவானாக விளங்க வேண்டுமென்ற ஆசையில் அவர் ஏறத்தாழ மூன்று பவுன் கொடுத்து வயலின் ஒன்றை வாங்கினார். ஆசிரியர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார். சில காலத்திற்குள் அந்த ஆசை பொய்யெனத் தெளிந்து, அதே ஆசிரியரிடம் சென்று, கிடைத்த விலைக்கு வயலினை விற்றுவிடும்படி கேட்டுக்கொண்டார். பின்னர், ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில், இராட்டையைக் கற்றார். நோயுற்றுப் படுத்திருந்தபோது அறையில் சுழன்ற இராட்டையின் ரீங்காரம் தாம் நலம்பெற உதவியது என்று தம் தன்வரலாற்றில் எழுதினார்.

ஒரே மனிதர் இளமையில் இசைக்கருவியைக் கைவிட்டு, முதுமையின் வாயிலில் கைவினைக் கருவியொன்றில் இசையைக் கண்டார். பிறர் பார்வைக்காகத் தொடங்கியது நிலைக்கவில்லை. தேவை உணர்ந்து தொடங்கியது நிலைத்தது. கற்கத் தகுந்த வயது எது என்பதைவிட, எதற்காகக் கற்கிறோம் என்பதே முதன்மையானது என்று இதனால் விளங்குகிறது.

ஆயினும் கைவினையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறத்தலாகாது. ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருப்பது மற்றொருவருக்குப் பிழைப்பாக இருக்கலாம். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார்; அவ்வூசியின் வருவாய் அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் விடுதலை பெறவும் உதவியது. கோவளத்து முதியவரின் வலையும் பொழுதுபோக்கன்று. கைவினையின் இன்பத்தைப் போற்றும் நாம், அதே கைவினையால் அடுப்பெரிப்பவருடைய பொருளுக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் தருவதும் அறத்தின் பகுதியே.

சமையலறையும் பீடமும்

வீட்டு வேலைக்கு வருவோம். கோவளத்து ஆலயம் கார்மேல் அன்னைக்கு உரியது. கார்மேல் சபையின் மாபெரும் துறவி அவிலா நகர்ப் புனித தெரசா, கீழ்ப்படிதல் தம் சகோதரிகளைச் சமையலறைக்கு அனுப்பினால் அங்கே பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று அவர்களுக்கு அறிவுறுத்தினார். அச்சபையைச் சேர்ந்த சகோதரர் லாரன்ஸ், 17ஆம் நூற்றாண்டில் பாரீசு மடத்தின் சமையலறையில் ஆண்டுகள் பல உழைத்து, பின்னர் மிதியடிகளைச் செப்பனிடும் பணியிலும் ஈடுபட்டவர். அடுப்படி ஆரவாரத்திலும் இறைப்பிரசன்னத்தை உணர்ந்தவராகவே அவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

இவற்றை மேற்கோள் காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. 'பானை சட்டிகளிலும் இறைவன் இருக்கிறார்' என்று மேடையில் பேசுபவர் பெரும்பாலும் பானை தேய்க்காதவராகவே இருக்கிறார். துன்பத்தைப் புனிதமாக்கிப் பேசிவிட்டு, அத்துன்பத்தைப் பிறர்மேல் சுமத்துவது எளிது. புனித தெரசாவும் லாரன்சும் தாம் சுமந்ததைப் பற்றிப் பேசினார்கள்.

பெனடிக்ட் என அறியப்படும் புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் வகுத்த மடத்து ஒழுங்கு, இவ்வகையில் நமக்குச் சிறந்த வழிகாட்டி. துறவிகளின் நாளை அவர் செபத்துக்கும் வாசிப்புக்கும் கையுழைப்புக்குமெனப் பிரித்தார். மடத்தின் கருவிகளைப் பீடத்தின் திருக்கலங்களைப் போல் பேண வேண்டும் என்றார். கைவினைஞர் தம் திறமையால் செருக்குற்றால், அத்தொழிலிலிருந்து அவரை விலக்கிவிட வேண்டும் என்றார். இவற்றினும் மேலாக, நோயுற்றோரும் இன்றியமையாப் பணியில் இருப்போரும் நீங்கலாக, எவரும் சமையலறைப் பணியிலிருந்து விலக்குப் பெறாமல், வாரமுறை வைத்து ஒருவருக்கொருவர் பரிமாற வேண்டும் என்று கட்டளையிட்டார். பாடத் தெரிந்தவருக்கும் எழுதத் தெரிந்தவருக்கும் அதே வாரமுறைதான். திருப்பாடல் இசைத்த வாய்க்குரியவரின் கையே அகப்பையையும் பிடித்தது.

மார்த்தாவின் முறையீடு

இனி, கோவளத்து முதியவரை நாம் குறைகூற இயலாமல் போன காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டின் கோடையில் நம் தெருவில் தண்ணீர்ப் பஞ்சம். மாலை ஆறு மணிக்கு லாரி வரும். குடங்களை நிரப்பி முதல் மாடிக்குச் சுமக்க வேண்டும். ஒருநாள் லாரி வந்தபோது நாம் சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். நெடுநாள் வசப்படாதது அன்றுதான் வசப்படத் தொடங்கியிருந்தது. "என்னங்க, லாரி வந்தாச்சு" என்று துணைவியார் அழைத்தார். 'இதோ' என்பதுபோல் வில்லை அசைத்துவிட்டுத் தொடர்ந்தோம். வாசித்து முடித்து வெளியே வந்தபோது பதினொரு குடங்களும் சமையலறையில் வரிசையாக இருந்தன. அவர் படிக்கட்டில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டார். அக்குரலில் கோபமில்லை. சற்று நேரம் கழித்து, "எனக்கும் ஒரு காலத்துல ஊசி, நூல் எல்லாம் இருந்துச்சு" என்றார்.

உண்மைதான். இளமையில் கன்னியரிடம் பூத்தையல் பயின்றவர் அவர். திருமணத்திற்குமுன் தொடங்கிய பீடத்துணி ஒன்று, திராட்சைக்கொடி பாதி படர்ந்த நிலையில், வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை நாம் பல முறை கண்டதுண்டு. ஏன் முடிக்கவில்லை என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

அன்றிரவு லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் மார்த்தாவை நினைத்துக்கொண்டோம். மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்கிறார். மார்த்தாவோ பணிவிடைகளில் பரபரப்பாகி, தம்மைத் தனியே உழைக்க விட்டுவிட்டதாகத் தம் சகோதரியைப் பற்றி முறையிடுகிறார். மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டார் என்று ஆண்டவர் கூறியதை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் மார்த்தாவின் முறையீட்டில் உள்ள ஒரு சொல் நம்மை உறுத்தியது: தனியே. வேலை இருக்கிறது என்பதைவிட, அதைத் தாம் மட்டும் தனியே செய்வதே அவருடைய வருத்தம். மரியாவிடமிருந்து அந்த நல்ல பங்கு எடுக்கப்படலாகாது என்றால், மார்த்தாவும் வந்து அமர ஓர் இடம் வேண்டுமன்றோ? அவர் அமர்வதற்கு ஒரே வழி, எல்லாருமாகச் சேர்ந்து சமைத்துவிட்டு எல்லாருமாக அமர்வதுதான்.

நாம் சமநிலை என்று எண்ணியிருந்தது, ஒரே மனிதரின் நாளுக்குள் மணிகளைப் பிரிக்கும் கணக்கை மட்டுமே. அலுவலகம், செபம், வயலின், உறக்கம் என்று நம் நாள் அழகாகச் சமன்பட்டிருந்தது. அந்தத் தராசின் மறுதட்டு நம் துணைவியாரின் நாளில் இருந்தது என்பதை நாம் பார்க்கவில்லை.

தானே இசைக்கும் யாழ்

அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் இசையைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். இசையைச் சரியாக மதிப்பிடும் அளவுக்கு இளமையில் வாசிக்கக் கற்கலாம்; வயது வந்தபின் அதை விட்டுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஓய்வை உயர்ந்த வாழ்வின் இன்றியமையாக் கூறாக அவர் போற்றினார். அந்த ஓய்வு எதன்மேல் நின்றது என்பதையும் அதே நூலின் தொடக்கத்தில் காணலாம். நாடா தானே நெய்து, யாழ் தானே இசைக்குமாயின் எசமானருக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்ற கருத்தை அவர் அங்கு முன்வைக்கிறார்.

இன்று நாடா தானே நெய்கிறது. யாழும் தானே இசைக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். மாவரைக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. எனினும் சுமை சமமாகவில்லை. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரு பீடத்துணி முற்றுப்பெறாமல் கிடப்பதற்கு இது போதாதா?

இயந்திரம் ஒன்றை எடுத்தும் சென்றது. முன்னாளில் ஏற்றம் இறைத்தவர் ஏற்றப்பாட்டுப் பாடினார்; நாற்று நட்டவர் நடவுப்பாட்டுப் பாடினார்; படகு வலித்தோர் அம்பாப் பாடல் பாடினர். வேலைக்கும் இசைக்கும் தனித்தனி நேரம் என்ற பிரிவு அவர்களுக்கு இல்லை. அன்றைய உழைப்பின் கொடுமையை மறந்து அக்காலத்துக்கு ஏங்குவது நம் நோக்கமன்று. ஆனால் பலர் சேர்ந்து செய்த வேலையில்தான் பாட்டுப் பிறந்தது என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஒரு தடை

'இப்படி ஒவ்வொரு பாத்திரத்தையும் கணக்கிட்டுப் பங்கிட்டால் கலை எங்கே வளரும்? கலைஞனுக்குத் தடையற்ற நேரம் வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஒரு பாடத்தில் மனம் ஒன்றியிருக்கும்போது எழுந்து செல்வது பெரும் இழப்பே. ஆதலின் நேரத்தை நிமிடக் கணக்கில் துண்டாடுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. தடையற்ற ஒரு மணி நேரம் ஒருவருக்கு வேண்டுமெனில், அதைப் பெறும் வழி மற்றவருக்கும் அத்தகைய ஒரு மணி நேரத்தை அமைத்துத் தருவதே. பெறுவதோடு நின்றால் அது சலுகை. தருவதும் சேர்ந்தால் அதுவே அறம்.

நம் இல்லத்தில் இப்போது எளியதொரு முறை இருக்கிறது. லாரி வரும் வேளையில் வயலின் பெட்டி மூடியே இருக்கும். இரவு உணவுக்குப்பின் பாத்திரங்கள் நம் பொறுப்பு. அந்நேரத்தில் துணைவியார் விளக்கடியில் அமர்ந்து பெட்டியிலிருந்து எடுத்த துணியை விரிக்கிறார். முதல் சில நாட்கள் ஊசியில் நூல் கோக்கவே சிரமப்பட்டார். கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. அவரும் நம்மைப் போலவே மீண்டும் தொடக்க வகுப்பில் அமர்ந்தார்.

பாத்திரம் தேய்க்கும்போது வில் பிடிக்க முடியாதுதான். ஆனால் சுரங்களை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. தவறினால் விளக்கடியிலிருந்து, "இப்ப தப்பாச்சு" என்று திருத்தும் குரல் வருகிறது. முறையாக இசை பயிலாத அவருக்கு, நாள்தோறும் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதும் மனப்பாடமாகியிருந்ததை அப்போதுதான் அறிந்தோம்.

நம் வாசிப்பு பெரிதாக முன்னேறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஜண்டை வரிசையை இப்போதுதான் தொட்டிருக்கிறோம். பீடத்துணியில் திராட்சைக்கொடி மறுமுனையை எட்டிவிட்டது. ஒரே ஒரு குலை மட்டும் எஞ்சியிருக்கிறது. அடுத்த ஜூலைத் திங்களில் அதைக் கோவளத்துக்கு எடுத்துச் சென்று கார்மேல் அன்னையின் ஆலயத்தில் அளிக்க எண்ணியுள்ளோம். அம்முதியவரை மீண்டும் கண்டால், வலையைப் பற்றி மட்டுமன்றி, அவர் வீட்டுக் குடத்தைப் பற்றியும் பேச வேண்டும். உபதேசமாக அன்று; நம் கதையாக.